பிரசவத்துக்கு முன் சாப்பிடலாமா? தானாக வரும் வலிக்கும் மருந்து வைத்து வரவழைக்கும் வலிக்கும் முழுமையான வழிகாட்டி

பிரசவ நாள் நெருங்கும் பெண்ணுக்கு இரண்டு பக்கமிருந்தும் அறிவுரை வரும். "தெம்பு வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ" என்பார்கள் சிலர். "திடீரென்று ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால்? பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதே" என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எதைச் சாப்பிடுவது, எந்த மணிக்கு, பிரசவத்தின் எந்தக் கட்டத்தில் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் சரியான பதில் கிடைக்கும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் மூன்று படிகளும் வலி வருவதற்குப் பல நாள் முன்பே முடிந்திருக்க வேண்டியவை. வலி வந்த பிறகு யாருக்கும் நிதானமாகக் கேள்வி கேட்க நேரம் இருக்காது. உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று தனியாக ஏதாவது சொல்லியிருந்தால், இங்கே எழுதியிருப்பதைவிட அதுதான் முக்கியம்.

## 1. ஏன் தடுக்கிறார்கள் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

காரணம் தெரிந்தால் விதியைச் சரியாகப் பின்பற்றலாம். தெரியாவிட்டால் ஒன்று பயந்து பட்டினி கிடப்போம், இல்லையேல் ஒளித்துச் சாப்பிடுவோம்.

அவசர அறுவைச் சிகிச்சைக்காக முழு மயக்கம் கொடுத்தால் இருமலும் விழுங்கும் உணர்வும் அடங்கிவிடும். அந்த நேரத்தில் வயிற்றில் இருப்பது மேலேறினால் நுரையீரலுக்குள் போய்விடும். திட உணவு மூச்சுக்குழாயை அடைக்கும். வயிற்று அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும். அமெரிக்க மருத்துவர் மெண்டல்சன் 1946-இல் இதைப் பதிவு செய்த பிறகுதான், பிரசவ அறையில் எதுவும் சாப்பிடக் கூடாது என்ற கட்டுப்பாடு பரவியது.

கர்ப்பிணிக்கு இந்த ஆபத்து கூடுவதற்குக் காரணங்கள் உண்டு. புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் உணவுக்குழாயின் அடி வாசலைத் தளர்த்துகிறது. பெருத்த கர்ப்பப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது. வலி கடுமையாகத் தொடங்கியதும் வயிறு காலியாகும் வேகம் குறைந்துவிடும். பெத்தடின் போன்ற வலி குறைக்கும் ஊசி போட்டால் இன்னும் குறையும். அதனால் எட்டு மணி நேரம் பட்டினி இருந்தாலும் வயிறு காலியாகத்தான் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஊசி போட்டு, தாய் விழித்திருக்கும்போதே நடக்கின்றன. முழு மயக்கம் தேவைப்படுவது சிலருக்குத்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2013-இல் ஐந்து ஆய்வுகளையும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்தது. சிக்கல் குறைவான பெண்களுக்கு உணவைத் தடுப்பதால் நன்மையும் தெரியவில்லை, அனுமதிப்பதால் கெடுதலும் தெரியவில்லை. ஆனால் உணவு நுரையீரலுக்குள் போவது மிக அரிதாக நடப்பது. அதை அளந்து சொல்ல மூவாயிரம் பேர் போதாது.

இதனால்தான் பரிந்துரைகள் வேறுபடுகின்றன. சிக்கல் குறைவான பெண்கள் பிரசவத்தின்போது உண்ணலாம், குடிக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு லேசான உணவை அனுமதிக்கிறது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் 2016 வழிகாட்டி தெளிந்த பானம் போதும், திட உணவு வேண்டாம் என்கிறது. ஒரு மருத்துவமனை அனுமதிப்பதை இன்னொன்று தடுத்தால், இரண்டில் ஒன்றுக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஆபத்தை இரண்டு விதமாக எடை போடுகிறார்கள்.

## 2. நீங்கள் எந்தப் பிரிவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

அவசரமாக முழு மயக்கம் தேவைப்படும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வைத்துத்தான் மருத்துவர் உணவைப் பற்றி முடிவெடுப்பார். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், "லேசாகச் சாப்பிடலாம்" என்ற பொதுவான அனுமதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்:

- உடல் எடைக் குறியீடு 40-க்கு மேல்
- இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் வெளியேறும் நிலை
- இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோய்
- இரட்டைக் குழந்தை, அல்லது தலைகீழாகத் திரும்பாத குழந்தை
- ஏற்கெனவே சிசேரியன் ஆகியிருப்பது
- நஞ்சு (பிளாசென்டா) கர்ப்பப்பையில் கீழே, வாயருகே இருப்பது
- வாய் சரியாகத் திறக்க முடியாதது, கழுத்தை அசைக்க முடியாதது, முன்பு மயக்கம் கொடுத்தபோது குழாய் செருகச் சிரமப்பட்டது

கடைசியில் உள்ளதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. மகப்பேறு மருத்துவரும் கேட்க மறந்திருக்கலாம். மயக்க மருந்து நிபுணருக்கோ அதுதான் முதல் கேள்வி. நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

## 3. முப்பத்தாறாவது வாரத்துக்குள் கேட்க வேண்டிய கேள்விகள்

"சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டால் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில்தான் வரும். இப்படிப் பிரித்துக் கேளுங்கள், பதிலை எழுதி வையுங்கள்:

1. வலி தொடங்கி வீட்டில் இருக்கும்போது நான் சாப்பிடலாமா?
2. பிரசவ அறைக்குள் வந்த பிறகு திட உணவுக்கு அனுமதி உண்டா? எந்தக் கட்டம் வரை?
3. எபிடியூரல் (முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலி குறைக்கும் மருந்து) போட்டால் என்ன மாறும்?
4. மருந்து வைத்து வலி வரவழைப்பதானால், எத்தனை மணிக்கு வர வேண்டும்? சாப்பிட்டுவிட்டு வரலாமா?
5. நான் தினமும் எடுக்கும் மாத்திரைகளை அன்று காலை எடுக்கலாமா?
6. வெளியிலிருந்து உணவு, பானம் கொண்டுவரலாமா?

நான்காவதில் கவனம் தேவை. "வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்று சொன்னால், "எத்தனை மணியிலிருந்து? தண்ணீரும் கூடாதா?" என்று உடனே கேளுங்கள். சிசேரியனுக்கு வருபவர்களுக்கான வழக்கமான வாக்கியத்தை வலி வரவழைக்க வருபவர்களிடமும் சொல்லிவிடுவது நடக்கிறது. இரண்டுக்கும் தேவை வேறு.

## 4. வலி தானாகத் தொடங்கினால்

முதலில் இதைப் பாருங்கள். இரத்தப்போக்கு இருக்கிறதா? பனிக்குட நீர் பச்சையாக வருகிறதா? குழந்தை அசைவு குறைந்திருக்கிறதா? கடுமையான தலைவலியோ கண் மங்கலோ இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் எதுவும் உண்ணாமல், குடிக்காமல் உடனே கிளம்புங்கள். அவசர அறுவைச் சிகிச்சை நடக்க வாய்ப்புள்ள நிலைகள் இவை.

இவை எதுவும் இல்லை, வலி விட்டு விட்டு வருகிறது, இடையில் சாதாரணமாகப் பேச முடிகிறது என்றால் நீங்கள் ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறீர்கள். முதல் பிரசவத்தில் இந்தக் கட்டம் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேல்கூட நீளும். ஒழுங்காகச் சாப்பிடுவதற்கான நேரம் இதுதான். வயிறு இன்னும் ஓரளவு வழக்கம்போல வேலை செய்கிறது. இப்போது உள்ளே போவது செரித்துச் சர்க்கரையாகி, பின்னால் குழந்தையை உந்தித் தள்ளும் நேரத்துக்கு உதவும். வலி உச்சத்தில் இருக்கும்போது சாப்பிட்டால் அது வயிற்றிலேயே தங்கும், அல்லது வாந்தியாகும்.

அளவு: வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதி. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, பசித்தால் மட்டும்.

எது: மாவுச்சத்து அதிகம், கொழுப்பு குறைவு, காரம் இல்லாதது. குழைய வேகவைத்த சோறு, ரொட்டித் துண்டுகள், வேகவைத்த உருளைக்கிழங்கு, ஓட்ஸ், வாழைப்பழம், கொஞ்சம் தயிர், வெறும் பிஸ்கட். இவற்றில் ஒன்று போதும், எல்லாம் வேண்டாம்.

எது வேண்டாம்: பொரித்தது, நெய்யோ வெண்ணெயோ நிறைந்தது, இறைச்சி, தேங்காய்ப்பால் அல்லது பாலாடை சேர்ந்த கெட்டியான பதார்த்தம். கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க அதிக நேரம் எடுக்கும். அறுவைச் சிகிச்சைக்கு முன் லேசான உணவுக்கு ஆறு மணி நேர இடைவெளி கேட்பவர்கள், கொழுப்புள்ள உணவுக்கு எட்டு மணி நேரம் கேட்பதற்குக் காரணம் இதுதான். அதோடு, நான்கு மணி நேரம் கழித்து வாந்தி வரும்போது மேலே வரப்போவதும் இதேதான்.

பசி இல்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். பிரசவம் நெருங்கும்போது பசி அடங்குவது இயல்பு. துணைக்கு இருப்பவர்கள் இதைக் குறிப்பாக மனதில் வைக்க வேண்டும். பாசத்தோடு ஊட்டும் கடைசி இரண்டு வாய்தான் பெரும்பாலும் வாந்தியைத் தொடங்கி வைக்கிறது.

விளக்கெண்ணெய் குடித்து வலியை விரட்டிப் பார்க்கும் முயற்சி வேண்டவே வேண்டாம். அது குடலைக் கலக்கி வயிற்றுப்போக்கும் வாந்தியும் கொடுக்கும். நீர்ச்சத்து இழந்து, களைத்துப்போய்ப் பிரசவ அறைக்கு வர வேண்டியிருக்கும்.

## 5. மருந்து வைத்து வலி வரவழைப்பதானால்

அதிகக் குழப்பம் நடப்பது இங்கேதான். மருத்துவமனையில் சேர்ந்த நாளும் குழந்தை பிறக்கும் நாளும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கர்ப்பப்பை வாய் இன்னும் இறுக்கமாக இருந்தால், முதலில் அதை இளக்க வேண்டும். பிறகுதான் வலி. முதல் குழந்தையென்றால், மருந்து வைத்ததிலிருந்து பிறப்பு வரை ஒரு நாள், இரண்டு நாள் ஆவது சாதாரணம். முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி கிடந்தால், உந்தித் தள்ள வேண்டிய நேரத்தில் உடலில் எதுவும் மிச்சம் இருக்காது.

முந்தைய இரவு. வழக்கமான இரவு உணவைச் சற்று முன்கூட்டியே சாப்பிடுங்கள். "நாளைக்குக் கிடைக்காது" என்று இரண்டு மடங்கு சாப்பிட வேண்டாம். நெஞ்செரிச்சலில் தூக்கம் போகும், அந்த இரவுத் தூக்கம் உங்களுக்கு மிகவும் தேவை.

அன்று காலை. மருத்துவமனை தடுக்காதவரை, கிளம்புவதற்கு முன் லேசான காலை உணவு. மேலே சொன்ன அதே வகை. கிளம்புமுன் தொலைபேசியில் கூப்பிட்டு, நேரம் மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கை இல்லாமல், அவசரப் பிரசவம் குறுக்கிட்டு, தள்ளிப்போவது அடிக்கடி நடக்கும். காலை எட்டு மணி என்றது மாலை ஆனால், "இடையில் சாப்பிடலாமா?" என்று திரும்பக் கேளுங்கள். நீங்கள் பட்டினியோடு உட்கார்ந்திருப்பது, கேட்காவிட்டால், யாருக்கும் தெரியாது.

முறைக்கு ஏற்ப என்ன மாறும்:

*பலூன் குழாய்.* கர்ப்பப்பை வாய்க்குள் சிறு குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை வழக்கமாக 30 முதல் 60 மில்லி திரவத்தால் நிரப்புவார்கள். இதில் மருந்து எதுவும் இல்லாததால் குடலுக்குப் பாதிப்பில்லை. பலூன் இருக்கும் மணி நேரங்களில் பெரும்பாலும் சாப்பிடலாம், நடக்கலாம். செருகும்போது வயிறு இழுத்துப் பிடித்து, தலைசுற்றிக் குமட்டலாம். அதனால் செருகுவதற்கு உடனடி முன்பாக நிறையச் சாப்பிட வேண்டாம்.

*ஜெல், அல்லது பிறப்புறுப்பில் வைக்கும் மருந்து.* வைத்தபின் சிறிது நேரம் படுத்தே இருக்கச் சொல்லி, குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்வார்கள். ஆகவே வைப்பதற்கு முன்பே சாப்பிட்டு, சிறுநீரும் கழித்துவிடுங்கள். இந்த மருந்துகள் குடலையும் தூண்டும் இயல்புடையவை. குமட்டலோ பேதியோ வந்தால், "காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று நீங்களே முடிவு கட்டாமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.

*வாய்வழி மிசோப்ரோஸ்டால்.* கர்ப்பப்பை வாயை இளக்கி வலி வரவழைக்கும் மாத்திரை இது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 25 மைக்ரோகிராம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இதில் குமட்டலும் நடுக்கமும் வரலாம். விழுங்கியதும் வாந்தி எடுத்தால் உடனே தெரிவியுங்கள். அடுத்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

*பனிக்குடத்தை உடைப்பது.* குழந்தையின் தலை இறங்காத நிலையில் உடைத்தால், அரிதாகத் தொப்புள்கொடி முதலில் வெளியே நழுவலாம். அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நிலை. எனவே உடைப்பதற்குச் சற்று முன் முழுச் சாப்பாடு வேண்டாம்.

*ஆக்ஸிடோசின் டிரிப்.* கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஹார்மோனை நரம்பு வழியாக ஏற்றுவது. இது ஒரு திருப்புமுனை. டிரிப் ஏற ஏற வலி அடுத்தடுத்து வலுவாக வரும், குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து கவனிப்பார்கள். பல மருத்துவமனைகள் இந்தக் கட்டத்திலிருந்து தெளிந்த பானம் மட்டும் என்று மாற்றிவிடும். ஆகவே "டிரிப் எத்தனை மணிக்குப் போடுவீர்கள்?" என்று முன்கூட்டியே கேட்டு, கடைசியாகச் சாப்பிடும் லேசான உணவை அதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக முடித்துவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால், கொடுத்திருந்த சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டு, அடுத்த பதினைந்து மணி நேரம் தண்ணீரோடு கழிப்பவர்கள் உண்டு.

## 6. வலி முழு வேகம் எடுத்த பிறகு

அனுமதி இருந்தாலும் இந்தக் கட்டத்தில் திட உணவை நாம் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலோருக்கு ஆசையும் இருக்காது. கர்ப்பப்பை வாய் 7-லிருந்து 10 செ.மீ. வரை விரியும் நேரத்தில் குமட்டலும் வாந்தியும் மிகச் சாதாரணம். வயிற்றில் தண்ணீர் மட்டும் இருந்தால் வாந்தி எளிதாகக் கடந்து போகும்.

தெளிந்த பானம் என்றால், கண்ணாடித் தம்ளரில் ஊற்றிப் பார்த்தால் மறுபக்கத்து எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். தண்ணீர், சக்கை இல்லாத வடிகட்டிய பழச்சாறு, பால் சேர்க்காத டீ, காபி, விளையாட்டு வீரர்கள் குடிக்கும் உப்புச்சர்க்கரைப் பானம், கொழுப்பு நீக்கி வடிகட்டிய சூப். பால் தெளிந்த பானம் ஆகாது. வயிற்றுக்குள் போனதும் அது திரிந்து கட்டியாகிவிடும். அதனால் பால் சேர்த்த டீயை உணவாகத்தான் கணக்கிட வேண்டும். இதைத் தெரியாமல் "டீதானே குடித்தேன்" என்று சொல்லி, அறுவைச் சிகிச்சை நேரம் தள்ளிப்போவது உண்டு.

வெறும் தண்ணீரைவிடக் கொஞ்சம் சர்க்கரை உள்ளது நல்லது. நீண்ட பட்டினியில் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், அதில் உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் இரத்தத்தில் சேரும். உப்புச்சர்க்கரைப் பானம் குடித்தவர்களுக்குக் கீட்டோன் குறைவாகவும் வயிற்றில் தேங்கும் அளவு கூடாமலும் இருந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மிக இனிப்பானது வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். பழச்சாற்றில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். சம அளவு தண்ணீர் கலந்தால் பாதியாகும், அது சரியான பதம்.

வலிக்கும் வலிக்கும் இடையே இரண்டு மூன்று மடக்கு போதும். ஒரே மூச்சில் ஒரு தம்ளர் குடித்தால் வயிறு விரிந்து, அடுத்த வலியில் மேலே வரும். நீளமான உறிஞ்சுகுழாய் ஒன்றைப் பையில் வையுங்கள். படுத்திருக்கும்போது தலையைத் தூக்காமல் குடிக்கலாம்.

## 7. தண்ணீரும் அளவு மீறக் கூடாது

"நிறையத் தண்ணீர் குடி" என்பது எப்போதும் நல்ல அறிவுரை என்று நினைக்கிறோம். பிரசவத்தில் அப்படியல்ல. ஆக்ஸிடோசின், சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றாமல் தடுக்கும் தன்மை கொண்டது. அதோடு டிரிப்பிலும் திரவம் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். வாய்வழியாகவும் நரம்பு வழியாகவும் போன மொத்தத் திரவம் 2.5 லிட்டரைத் தாண்டும்போது இந்த ஆபத்து தெளிவாகக் கூடுகிறது.

அறிகுறிகள்: தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு, முற்றிய நிலையில் வலிப்பு. பிரசவக் களைப்பு என்று தள்ளிவிட எளிதான அறிகுறிகள் இவை, அதுதான் சிக்கல்.

ஆகவே தாகத்துக்குக் குடியுங்கள், கணக்குக்காகக் குடிக்காதீர்கள். துணைக்கு இருப்பவர் ஒரு தாளில் குடித்த அளவையும், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள் என்பதையும் குறித்து வரட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் கழியுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதையும் தடுக்கும். குடித்துக்கொண்டே இருந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும்.

## 8. சாப்பிடுவதை நிறுத்த வேண்டிய தருணங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தால், முன்பு கிடைத்த அனுமதி முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு புதிதாகக் கேளுங்கள்:

- பெத்தடின், மார்ஃபின் போன்ற வலி குறைக்கும் ஊசி போட்டபோது. வயிறு காலியாவது மிகவும் மெதுவாகிவிடும்.
- எபிடியூரல் போட்டபோது. திட உணவைப் பெரும்பாலும் நிறுத்துவார்கள். தெளிந்த பானத்துக்குப் பல இடங்களில் அனுமதி உண்டு.
- குழந்தையின் இதயத் துடிப்பில் சந்தேகம் எழுந்தபோது.
- இரத்தப்போக்கோ, பச்சையான பனிக்குட நீரோ தெரிந்தபோது.
- பிரசவம் முன்னேறாமல் நின்று, சிசேரியன் என்ற பேச்சு வந்தபோது.
- வாந்தி தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்போது.

இந்த நேரத்தில் மயக்க மருந்து நிபுணர் கேட்பார்: "கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?" உண்மையைச் சொல்லுங்கள். ஒளித்துச் சாப்பிட்டிருந்தாலும் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில் மறைப்பது, சாப்பிட்டதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. வயிற்றில் உணவு இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களால் முறையை மாற்ற முடியும், தேவையான மருந்தைக் கொடுக்க முடியும். அமிலத்தை முறிக்க 30 மில்லி சோடியம் சிட்ரேட் குடிக்கக் கொடுப்பது வழக்கம். புளிப்பாகவும் உப்பாகவும் இருக்கும், ஒரே மடக்கில் விழுங்கிவிடுங்கள். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஊசியும் போடலாம்.

## 9. தேதி குறித்த சிசேரியன் என்றால் விதி வேறு

இங்கே விவாதத்துக்கு இடமில்லை. லேசான உணவுக்கு 6 மணி நேரம், கொழுப்புள்ள உணவுக்கு 8 மணி நேரம், தெளிந்த பானத்துக்கு 2 மணி நேரம் இடைவெளி. காலை 8 மணிக்கு அறுவைச் சிகிச்சை என்றால் முந்தைய இரவு 9 மணிக்குள் சாப்பாடு, காலை 6 மணி வரை தண்ணீர். "நள்ளிரவுக்கு மேல் தண்ணீரும் கூடாது" என்று சொன்னால், 6 மணி வரை தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அறுவைச் சிகிச்சை மதியத்துக்குத் தள்ளிப்போனாலும் இதே கணக்கைப் புதிதாகப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

## 10. சர்க்கரை நோயும் தினசரி மாத்திரைகளும்

இன்சுலின் போடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்ப்பது. உணவோடு போடும் இன்சுலின் உணவோடு மட்டும்தான். வலி தொடங்கிய நாளிலும் வலி வரவழைக்கும் நாளிலும் எவ்வளவு போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

பிரசவத்தின்போது மணிக்கு ஒரு முறை சர்க்கரை பார்ப்பார்கள். சுமார் 70 முதல் 126 மி.கி.க்குள் வைத்திருக்க முயல்வார்கள். தாயின் சர்க்கரை மிகவும் ஏறினால், குழந்தையின் உடல் அதற்கேற்ப இன்சுலினைச் சுரந்து, பிறந்த பிறகு குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர் அல்லது 150 மில்லி தெளிந்த பழச்சாறு. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் பிரசவ வலியிலும் வரும் என்பதால் உணர்வை நம்பாமல் கருவியை நம்புங்கள்.

தைராய்டு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் ஒரு மடக்குத் தண்ணீரோடு எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் வழக்கம். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியை மட்டும் கேட்காமல் போடாதீர்கள். எபிடியூரல் போட முடியுமா என்பதே அதைப் பொறுத்தது.

## 11. துணைக்கு இருப்பவருக்கு

உங்கள் சாப்பாட்டை அறைக்கு வெளியே முடித்துவிட்டு வாருங்கள். காரமான உணவின் வாசனையே பிரசவ வலியில் இருப்பவருக்குக் குமட்டலைக் கொடுக்கும். ஆனால் பட்டினியும் கிடக்காதீர்கள். மயங்கி விழுந்தால் செவிலியர் கவனிக்க வேண்டியவர் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள்.

அவர் கடைசியாகச் சாப்பிட்டது, குடித்தது, வாந்தி எடுத்தது, சிறுநீர் கழித்தது ஆகியவற்றை மணியோடு குறித்து வையுங்கள். வலியில் இருப்பவருக்கு நேரம் நினைவிருக்காது. செவிலியர் பணி மாறும்போது புதிதாக வருபவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். சாப்பிட ஏற்கெனவே அனுமதி கிடைத்திருந்தால் அதைக் கொடுத்தவர் யார், எத்தனை மணிக்கு என்பதும் அதில் இருக்கட்டும்.

## 12. குழந்தை பிறந்த பிறகு

குழந்தை வெளியே வந்த உடனே சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். நஞ்சு முழுதாக வெளியே வந்து, இரத்தப்போக்கு அடங்கி, தையல் முடியும் வரை காத்திருங்கள். நஞ்சு தங்கிவிட்டால், அல்லது ஆழமான கிழிசல் இருந்தால், அறுவை அரங்குக்குப் போக வேண்டியிருக்கலாம். "இப்போது சாப்பிடலாமா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சுகப்பிரசவமானால் முதலில் ஒரு தம்ளர் இனிப்பான பானம், பிறகு லேசான உணவு, அதன் பிறகு வழக்கமானது. முதன்முறை எழுந்து கழிப்பறைக்குப் போவதற்கு முன் ஏதாவது உள்ளே போயிருக்கட்டும், துணைக்கு ஆளும் இருக்கட்டும். இரத்த இழப்பும் வெறும் வயிறும் சேர்ந்தால் அங்கேதான் தலைசுற்றும்.

சிசேரியனுக்குப் பிறகு வாயு பிரியும் வரை பட்டினி கிடக்க வேண்டும் என்பது பழைய முறை. சிக்கல் இல்லாத சிசேரியனில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வழக்கமான உணவைத் தொடங்கலாம் என்று இன்றைய விரைவு மீட்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. உங்கள் மருத்துவமனை அதற்கு மேல் காக்கச் சொன்னால், காரணத்தைக் கேளுங்கள். அறுவைச் சிகிச்சையில் குடலுக்குப் பக்கத்தில் ஏதாவது செய்ய வேண்டி வந்திருக்கலாம். வழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லையென்றால், தண்ணீரில் தொடங்கி, குமட்டல் இல்லையென்றால் அரை மணி நேரம் கழித்து ரொட்டியோ சோறோ கேட்டு வாங்கிச் சாப்பிடலாம்.